விட்ட நிலத்தைப் பிடித்த மரம்

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் தேக்காவை அறிந்திருப்பீர்கள். சிராங்கூன் சாலையை ஒட்டி, மாட்டு வியாபாரிகளும் நகராட்சித் தொழிலாளர்களும் குடியேறி வளர்த்த இடம் அது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால், 1859ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவை அடையலாம். அந்தப் பூங்காவுக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் அங்கே வந்து சேர்ந்தன. அங்கிருந்து பரவிய ரப்பரை நம்பித்தான் நம் பாட்டன்மார் பலர் கப்பலேறினார்கள்.

அதே 1870களில் இன்னொரு மரமும் அதே பூங்காவுக்கு வந்தது. ரப்பரைக் கன்று நட்டு, களை பறித்து, உரமிட்டு மனிதர் வளர்த்தார்கள். இந்த மரமோ ஒருவர் கையையும் எதிர்பாராமல் தீவெங்கும் பரவிவிட்டது. அதன் பெயர் அல்பீசியா. மலாய்க்காரர்கள் இதைப் பத்தாய் என்பார்கள்.

அல்பீசியாவின் தாயகம் மொலுக்காஸ் தீவுகளும் நியூகினியும் சாலமன் தீவுகளும் ஆகும். நம் ஊர் வாகைக்கு இது உறவு. சாம்பல் பூத்த வெளிறிய அடிமரம், புளிய இலைபோன்ற சிற்றிலைகள், குடை விரித்தாற்போன்ற உச்சி என்று பார்வைக்கு அழகாக இருக்கும். அந்த அழகுக்காகவும் நிழலுக்காகவும் பல நாடுகளில் இதை நட்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இது நிழல் மரமாயிற்று. மென்மையான இதன் பலகை தேயிலைப் பெட்டிக்கும் தீக்குச்சிக்கும் உதவியது.

வளர்ச்சியில் இதற்கு இணையான மரங்கள் மிகச் சில. சபாவில் 1974ஆம் ஆண்டில் நட்ட ஒரு கன்று, 13 மாதங்களில் 10.74 மீட்டர் உயர்ந்து உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. இதன் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தருகின்றன. அதனால் சத்தற்ற மண்ணிலும் இது செழிக்கும். காகிதம்போல் மெல்லிய காய்களைக் காற்று தொலைவிடங்களுக்குக் கொண்டு போகும். ஆனால் வெயில் இல்லாவிட்டால் கன்று தலையெடுக்காது. ஓங்கி அடர்ந்த பழங்காட்டின் நிழலில் அதற்கு வாழ்வில்லை.

அப்படியானால் சிங்கப்பூரில் அதற்கு இடம் கொடுத்தவர் யார்? விடை நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டது. மண் சத்திழந்ததும் தோட்டங்களைக் கைவிட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1930களில் தீவின் நிலத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு ரப்பராக இருந்தது. பின்னாளில் அந்தத் தோட்டங்களும் மறைந்தன. கம்பங்களும் காலியாயின. ஆளற்றுத் திறந்து கிடந்த நிலங்களில் அல்பீசியா புகுந்தது. கிளமெண்டிக் காடு ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று அங்கே ஓங்கி நிற்பது அல்பீசியாவே.

ஹவாய்த் தீவுகளில் நடந்தது இதைவிடக் கடுமையானது. 1917ஆம் ஆண்டில் ஜோசப் ராக் என்னும் தாவரவியலாளர் இந்த மரத்தை அங்கே கொண்டு சென்றார். அங்குள்ள எரிமலைப் பாறை மண்ணில் சத்துக் குறைவு. அதற்குப் பழகிய சுதேசி மரங்கள் மெதுவாக வளர்பவை. அவற்றின் நிழலும் மெல்லியது. அல்பீசியா மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்க, வேற்று நாட்டுச் செடிகள் பலவும் கூடவே புகுந்தன. 2014 ஆகஸ்டில் இசெல் புயல் வீசியபோது, அல்பீசியா மரங்கள் முறிந்து பூனா வட்டாரத்தின் சாலைகளை அடைத்தன; மின்கம்பிகளை அறுத்தன.

விரைந்து வளர்ந்த மரத்துக்கு வலிமை குறைவு என்பதே இதன் காரணம். ஆகவே பெருமழையும் காற்றும் வரும்போது பெரியவர்களாயினும் பிள்ளைகளாயினும் அல்பீசியாவின் கீழ் ஒதுங்க வேண்டாம். சிங்கப்பூரிலும் சாலையோரங்களிலும் வீடுகளின் அருகிலும் இதைப் பாதுகாப்புக் கருதி வெட்டுகிறார்கள்.

ஆனால் வெட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடவில்லை. உயர்ந்த அல்பீசியாவின் கிளைகளில் வெண்வயிற்றுக் கடற்கழுகு கூடு கட்டுகிறது. இதன் நிழலில் பழைய காட்டு மரங்களின் கன்றுகளும் மெல்ல எழுகின்றன. 2021ஆம் ஆண்டில், கிராஞ்சியில் பழைய ரயில் பாதையை அடுத்த காட்டுப்பகுதி, சூழல் ஆய்வு முடியுமுன்பே அழிக்கப்பட்டது வெளியாயிற்று. அங்கே பெரும்பாலும் வளர்ந்திருந்தது அல்பீசியாதான். வேற்று நாட்டு மரம்தானே என்று சிலர் சொன்னார்கள். அதில் வாழ்ந்த பறவைகள் எங்கே போகும் என்று பலர் கேட்டார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வீட்டின்மேல் விழக்கூடிய மரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆளில்லாக் காட்டில் நிற்பதை, அதன் நிழலில் எழும் கன்றுகள் தேறும்வரை விட்டுவைக்கலாம். எது எந்த நாட்டு மரம் என்பதை மட்டும் பார்த்துக் கோடரியை எடுத்தால் ரப்பரும் தப்பாது. அதுவும் பிரேசிலிலிருந்து வந்ததே.

தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஒரு பருவம் களையெடுக்காமல் விட்டால் நிலம் என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அல்பீசியா காட்டின் கதவை உடைத்து நுழைந்த திருடனல்ல. காட்டை அழித்தவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். அது உள்ளே வந்தது.