புல் வெட்டும் இயந்திரத்தில் ஊளைச் சத்தமா? தேய்ந்த பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாம்

பள்ளித் திடல், ஆலய வளாகம், தோட்டத்து பங்களா, தாமான் பூங்கா என்று புல் வெட்டும் குத்தகையை நம்பி வாழும் நம்மவர் குடும்பங்கள் பல உண்டு. தோளில் மாட்டும் இயந்திரத்தில் தொடங்கி, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பழைய இயந்திரம் ஒன்றை, உட்கார்ந்து ஓட்டும் வகையாகப் பார்த்து வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பலரைப் பயமுறுத்துவது எஞ்சின் கோளாறு. ஆனால், வேலையை நடுவில் நிறுத்தி வைப்பது பல வேளைகளில் எஞ்சின் அல்ல. கத்தி சுழலும் தண்டிலுள்ள சிறிய பேரிங்.

இயந்திரத்தின் வயிற்றுப் பகுதியில் கவிழ்த்த தட்டுபோல் தொங்கும் இரும்பு மூடியை டெக் என்பார்கள். அதன் மேல் இரண்டு அல்லது மூன்று இடங்களில் அலுமினியக் கூடுகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு தண்டு, அதைத் தாங்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங். தண்டின் மேல்முனையில் பெல்ட் ஓடும் புல்லி, கீழ்முனையில் கத்தி. இந்த முழுத் தொகுப்புக்குத்தான் ஸ்பிண்டில் என்று பெயர்.

பேரிங்குக்குத் தமிழில் ‘தாங்கி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. மலாயில் ‘காலாஸ்’ என்கிறார்கள். கடையில் இரண்டையும் சொல்லிக் கேட்டால் முழிப்பார்கள் என்பது வேறு கதை.

பேரிங் தேய்ந்ததைக் காதே முதலில் சொல்லிவிடும். கத்தியைச் சுழலவிட்டதும் ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம் எழும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். புல் ஒரே மட்டமாக வெட்டுப்படாமல் அலை அலையாக நிற்பது, பெல்ட் கருகும் வாடை, கூட்டின் அடியில் கறுப்பு கிரீஸ் வழிவது ஆகியவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

இதை அலட்சியம் செய்யக்கூடாது. நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும் 18 அங்குலக் கத்தியின் முனை, கணக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பேரிங் உடைந்து தண்டு ஆடினால் கத்தி டெக்கில் இடிக்கும். ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் திடலில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உறுதி செய்துகொள்ள, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் டெக்கின் அடியில் கை விடவே கூடாது. பிறகு பெல்ட்டை விலக்கி, தடித்த கையுறை அணிந்து ஒவ்வொரு கத்தியையும் கையால் சுற்றிப் பார்க்கலாம். நல்ல பேரிங் வழுவழுப்பாகச் சுழலும். தேய்ந்தது மணல் அரைபடுவதுபோல் கரகரக்கும். கத்தியின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தண்டோடு சேர்ந்து ஆடினால் மாற்றியே ஆகவேண்டும்.

டெக்கைக் கழற்றி வெளியே எடுத்து வேலை செய்வதே பாதுகாப்பு. இயந்திரத்தை ஜேக்கியில் மட்டும் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுப்பது வேண்டாம். பெல்ட் ஓடும் பாதையைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், மாட்டும்போது அரைமணி நேரம் மிச்சம். கூட்டை டெக்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் நம் ஊர் மழையில் துருப்பிடித்துத்தான் இருக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்துவிடும். கத்தி போல்ட் சில இயந்திரங்களில் இடது மரையாக இருக்கும் என்பதால், வலுவைக் காட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் அவிழ்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மேல் நட்டைக் கழற்றிப் புல்லியை எடுத்தபின், நட்டை மறுபடியும் தண்டின் முனையோடு சமமாக வரும்வரை திருகி வைத்து, மரச் சுத்தியலால் தட்டினால் தண்டு கீழ்ப்பக்கமாக இறங்கும். நட்டு இருப்பதால் மரை கெடாது. பிறகு கூட்டை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்து, ஒரு இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, எதிர்ப்பக்கப் பேரிங்கின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் அது வெளியே வந்துவிடும். பழையதுதானே, எங்கே அடித்தாலும் கவலையில்லை. சில கூடுகளில் பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப் ஒன்று இருக்கும். அதை முதலில் எடுக்க வேண்டும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் குழாய்த் துண்டு போன்ற ஸ்பேசர் ஒன்று இருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். குப்பையோடு போய்விடும் முதல் பொருள் அதுதான்.

புதிய பேரிங் வாங்க இயந்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பழையதைத் துடைத்தால் ஓரத்தில் எண் தெரியும். 6203 என்றால் உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவட்டம் 40, கனம் 12. 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் அதை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு கிடைக்கும். 03 அந்தக் கணக்கில் அடங்காது. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி. ஈரப்புல்லில் ஓடும் இயந்திரத்திற்கு ரப்பர் மூடியே ஏற்றது. முழு ஸ்பிண்டில் தொகுப்பை வாங்குவதைவிட இரண்டு பேரிங் வாங்குவது மிகவும் மலிவு. அதே வேளையில், நம்பமுடியாத அளவு மலிவாகக் கிடைக்கும் பேரிங் போலியாக இருக்க வாய்ப்புண்டு. ஒன்று கெட்டாலும் அந்த ஸ்பிண்டிலில் உள்ள இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியம். புதிய பேரிங் ஒரு மாதத்தில் கெட்டுவிட்டதென்றால், குறை பெரும்பாலும் பேரிங்கில் இல்லை. அதை ஏற்றிய விதத்தில் இருக்கிறது.

பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம், நடுவில் இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையம்தான் இறுக்கமாகப் போகிறது. ஆகவே அழுத்தமும் வெளிவளையத்தின் மேல் மட்டுமே விழவேண்டும். நடுவில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து, வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். கையால் சுற்றிப் பார்க்கும்போது அன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கழற்றிய பழைய பேரிங்கின் வெளிவளையத்தைச் சற்றுத் தேய்த்துச் சிறியதாக்கினால், புதியதை இறக்கும் கருவி இலவசமாகவே கிடைத்துவிடும். வெளிவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய சாக்கெட்டும் போதும். அதை வைத்து வைஸில் மெதுவாக அழுத்துவது, சுத்தியலால் தட்டுவதைவிட எவ்வளவோ மேல். பேரிங்கை நெகிழிப் பையில் சுற்றி ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, கூட்டைச் சூடான காற்றுக் கருவியால் சூடாக்கினால் இன்னும் எளிது. இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நேராக நெருப்பைக் காட்ட வேண்டாம்.

முதல் பேரிங் அடியில் உட்காரும்வரை இறங்க வேண்டும். பிறகு ஸ்பேசர். இரண்டாவது பேரிங்கின் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஸ்பேசரை மறந்துவிட்டு மேல் நட்டை இறுக்கினால் இரு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கிச் சீக்கிரமே சூடேறிக் கெட்டுவிடும். தண்டை ஏற்றும்போது நியாயம் தலைகீழ்: எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள்வளையத்திற்கு ஒரு சாக்கெட்டால் முட்டுக் கொடுத்துத்தான் தண்டை அழுத்த வேண்டும்.

பேரிங் கூட்டுக்குள் கையாலேயே நழுவி இறங்கினால், பழையது உள்ளே சுழன்று கூட்டையே தின்றிருக்கிறது என்று பொருள். உள்சுவரில் புள்ளி குத்தி இறுக்குவது சிலர் செய்யும் வைத்தியம். அது நிற்காது, கூட்டை மாற்றுவதே சரி. செம்பனைக் கட்டையிலோ சாலையோரக் கல்லிலோ மோதி வளைந்த தண்டையும் அடித்து நிமிர்த்தக் கூடாது.

பழைய கத்தியை மாட்டுமுன் அதன் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். சமனற்ற கத்தி புதிய பேரிங்கையும் உலுக்கியே கொன்றுவிடும். கத்தியின் வளைந்த சிறகு டெக்கை நோக்கி மேலே இருக்க வேண்டும். போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

எல்லாம் மாட்டி, பத்து நிமிடம் ஓட்டி, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தபின் கூட்டைத் தொட்டுப் பார்க்கலாம். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

மறுபடியும் கெடாமல் இருக்க இரண்டு பழக்கங்கள் போதும். வேலை முடிந்ததும் அழுத்தமான தண்ணீரை ஸ்பிண்டிலுக்கு நேராகப் பீய்ச்சக் கூடாது. ரப்பர் மூடியையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். கத்திக்கு மேலே தண்டில் கயிறு சுற்றியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். திருவிழா முடிந்த ஆலயத் திடலில் ராஃபியா கயிறும் மாலை நாரும் கிடக்காத மூலை இல்லை. அவை தண்டில் இறுகச் சுற்றி ரப்பர் மூடியை அறுத்துவிடும். வெட்டத் தொடங்குமுன் திடலை ஒருமுறை நடந்து பொறுக்கிவிடுவது நல்லது.

மாற்றிய தேதியையும் பேரிங் எண்ணையும் டெக்கின் மேற்புறத்தில் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை கழற்றுவதற்கு முன்பே கடைக்குப் போய் வந்துவிடலாம்.