புது ஏர் ரைஃபிள் வாங்கியாச்சா? முதல் பெல்லட் போடும் முன் பார்க்க வேண்டியவை

முலுண்ட் மேற்கில் பல அடுக்குமாடிகளில் ஜன்னலைத் திறந்தாலே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலை தெரியும். சிறுத்தைகள் நடமாடும் காடு அது. வேட்டைக்கென்று துப்பாக்கி வாங்கும் பேச்சுக்கே இங்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது.

ஆனால் துப்பாக்கி சுடுதல் விளையாட்டு வேறு கதை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் களமும் அதுவே. இவர்களைப் பார்த்து நீங்களும் ஒரு ரைஃபிள் வாங்கியிருந்தால், பெட்டியைப் பிரித்ததும் சுட ஆரம்பிக்காதீங்க.

லைசென்ஸ் வேணுமா?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் துளை 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல் போகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. 0.22 அங்குல ரகம் என்றால் கண்டிப்பாக வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் பில்லில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்க. பில்லைப் பத்திரமா வைங்க.

முதலில் பார்க்க வேண்டியது எது?

உள்ளே பெல்லட் இருக்கிறதா என்பதைத்தான். புதுசு என்பதால் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்து, பின்பக்கம் திறந்து கண்ணால் பாருங்க. விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும்.

குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் ரகம் என்றால், பெல்லட் போட்டு மூடும் வரை மறு கையால் குழலை விடாமல் பிடிங்க. ட்ரிகர் நழுவினால் குழல் படாரென்று மேலே வந்து விரலைப் பதம் பார்த்துவிடும். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்ப்பதும் வேண்டாம். எதிர்க்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் முழு வேகத்தில் மோதும், சீல் கெடும்.

புதுசை ஏன் சுத்தம் செய்யணும்?

துருப் பிடிக்காமல் இருக்க தொழிற்சாலையில் எண்ணெய் தடவி அனுப்புகிறார்கள். ஸ்பிரிங் ரகத்தில் காற்று சட்டென்று அழுந்தும்போது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜின் வேலை செய்வதும் இதே முறையில்தான். பெரிய சத்தம், புகை, பிறகு சீலும் ஸ்பிரிங்கும் காலி.

எப்படி சுத்தம் செய்வது?

• இழுகயிறில் சுத்தமான பருத்தித் துணித் துண்டைக் கோத்து, பின்பக்கத்திலிருந்து முனையை நோக்கி இழுங்க. முனையில் கம்பியை விட்டு உரசினால் விளிம்பு தேயும், குறி தப்பும்.
• துணி கறையில்லாமல் வரும் வரை புதுத் துண்டுகளை மாற்றுங்க.
• பித்தளை பிரஷ் வேண்டாம். ஏர் ரைஃபிள் குழலின் இரும்பு மென்மையானது.
• வெளிப்புற இரும்பில் மட்டும் மெல்லிசாக எண்ணெய் தடவுங்க. காற்று போகும் துளைக்குள் ஒரு சொட்டும் கூடாது.

சிலிண்டரில் காற்று அடைக்கும் ரகத்தில் இன்னும் கவனம் தேவை. அழுத்தம் 200 பார் வரை போகும். அதன் இணைப்பில் சாதாரண எண்ணெய் பட்டால் வெடிக்கவும் கூடும். சிலிண்டரில் பொறித்த காலாவதித் தேதியையும் பாருங்க.

அடுத்து?

கட்டையை இணைக்கும் திருகுகளைச் சரிபாருங்க. ஸ்பிரிங் ரகம் அதிர்வதால் அவை தளரும். சேஃப்டி பிடிக்கிறதா என்று பாருங்க, ஆனால் அதை மட்டும் நம்பாதீங்க. முதலில் 10 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டு, எங்கே கூடுகிறது என்று பார்த்த பிறகே சைட்டைத் திருப்புங்க. பெல்லட் ஈயம் என்பதால், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

எங்கே சுடலாம்?

பால்கனி, மொட்டை மாடி, சொசைட்டி வளாகம் எதுவும் கூடாது. பெல்லட் கண்ணில் பட்டால் பார்வை போகும், கிட்டத்தில் பட்டால் உயிரே போகலாம். மும்பையில் வொர்லியில் மகாராஷ்டிரா ரைஃபிள் அசோசியேஷனின் ரேஞ்ச் இருக்கிறது. பயிற்சியாளர் முன்னால் முதல் சுடுதல் நடக்கட்டும்.

பூங்காவுக்குள் இதை எடுத்துப் போகவே முடியாது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் வனச் சட்டத்தில் ஆயுதம்தான். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதோடு நுழைவதே குற்றம். கிளிக்கும் மைனாவுக்கும் குறி வைப்பதும் விளையாட்டு ஆகாது. அருணாச்சலப் பிரதேசத்தில் பறவை வேட்டையை நிறுத்தவே, 2021-ல் ஏர் கன்களை மக்களே ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது.

வீட்டில் ரைஃபிளும் பெல்லட்டும் தனித்தனியாக, பூட்டி இருக்கட்டும். குழந்தைகள் வந்து போகும் வீடு என்றால், சாவி இருக்கும் இடமும் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.