மறுப்பும் மரியாதையும்: தமிழ்ச் சமயப் பூசல்களின் நூறாண்டு

சமயச் சண்டையில் சொல் தடிப்பது இன்றைக்கு வந்த நோய் என்று நினைப்பவர்கள் 19ஆம் நூற்றாண்டுக் கண்டனப் பிரசுரங்களைப் புரட்டினால் திகைத்துப்போவார்கள். ஏச்சு, எள்ளல், இரவல் பெயர், நீதிமன்ற வழக்கு எல்லாம் அங்கே உண்டு. அதற்கு முன்னும் பின்னும் வேறொரு மரபும் இருந்தது. எந்தச் சூழலில் எது மேலோங்கியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மறுப்பதற்கு முன் எதிராளியின் கொள்கையை முறையாக எடுத்துரைப்பது பழைய தருக்க மரபின் விதி. மணிமேகலையில் சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்கிறார்கள், மணிமேகலை கேட்கிறாள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பிற மதங்களை விரித்துக் கூறிய பிறகே மறுக்கிறார். எள்ளல் அங்கும் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பது வாசகருக்கு மறைக்கப்படவில்லை.

அச்சு இந்த ஒழுங்கைக் குலைத்தது. இந்தியாவில் அச்சகங்களுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1835இல் நீங்கியது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841இல் உதயதாரகை இதழைத் தொடங்கியது. சைவத்தைப் பழிக்கும் எழுத்துகள் மிஷன் அச்சகங்களிலிருந்து வெளிவந்தன. அவற்றுக்கு விடை சொல்லப் புறப்பட்ட ஆறுமுக நாவலர், பாதிரியார் பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். அந்தப் பயிற்சி 1854இல் வெளியான ‘சைவதூஷண பரிகார’த்தில் கைகொடுத்தது. கோயில் வழிபாட்டைக் குறைசொன்னவர்களுக்கு, பழைய ஏற்பாடு விதிக்கும் பலியையும் தூபத்தையும் விளக்கையுமே அவர் எடுத்துக்காட்டினார். நடை காரமானதுதான், எதிராளியின் வேதத்தைக் கரைத்துக் குடித்தவரின் காரம் அது.

பூசல் சைவத்துக்குள்ளேயே மூண்டபோது நிலைமை மாறியது.

தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால், வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சேறின. தேவார திருவாசகங்களுக்கு உரிய மதிப்பைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடலுக்குத் தரலாமா என்று நாவலர் தரப்பு கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் வெகு விரைவில் பேச்சு பாட்டை விட்டுப் பாடியவர்மேல் பாய்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது; மறுபக்கம் ‘குதர்க்காரணிய நாச மகாபரசு’ என்று கோடரியையே தூக்கியது. நாவலருடையதாகக் கருதப்படும் மறுப்பு வேறொருவர் பெயரில்தான் வெளிவந்தது. சபையில் முகம் காட்டாமல் பேச முடியாது. துண்டுப் பிரசுரத்தில் முடியும்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் அவதூறுப் பிரிவு புலவர்களுக்கும் பயன்பட்டது: 1869இல் நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை நாடினார். இராமலிங்க அடிகள் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து வணங்கினார் என்றொரு கதை வள்ளலார் அன்பர்களிடையே வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, சண்டைக்கு நடுவிலும் ஒரு மரியாதையை அன்பர்கள் தேடியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கதையே சான்று.

இருவரும் மறைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. 1903 வாக்கில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும் பின்னாளில் மறைமலையடிகளான வேதாசலம் மறுபுறமும் நின்றனர். அதுவும் வழக்கானது. கதிரைவேற் பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் திரு. வி. கலியாணசுந்தரனார் தேர்வு எழுத முடியாமல் படிப்பை இழந்தார். நாஞ்சில் நாட்டு இஸ்லாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறினார். சைவ அன்பர்கள் அவரைக் கொண்டாடினார்கள். பேசுபவரின் மதத்தைப் பார்க்காமல் வாதத்தைப் பார்க்கும் பழக்கம் அப்போதும் முற்றாக அற்றுவிடவில்லை.

1943இல் சமயமும் அரசியலும் ஒரே மேடைக்கு வந்தன. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பதைவிடக் கொதிப்பான பொருள் கிடைப்பது அரிது. பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாதுரையும் ரா.பி. சேதுப்பிள்ளையும், மார்ச் 14 அன்று சேலத்தில் அண்ணாதுரையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அதைப் பற்றி நேருக்கு நேர் வாதிட்டார்கள். நடுவில் தலைவர், எதிரே இரு தரப்பு ஆதரவாளர்கள், முறை வைத்துப் பேச்சு. நூலுக்குத் தீ வைக்கலாம் என்றவரும் கூடாது என்றவரும் ஒரே அவையில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டார்கள். அண்ணாவின் வாதங்கள் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாயின.

அருட்பாப் பூசலுக்கு அப்படியொரு பொது அவை வாய்க்கவில்லை. அவரவர் பிரசுரத்தை அவரவர் அணி படித்தது. இரு தரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் தேடித் தொகுத்து ஒரே திரட்டாகக் கொண்டுவந்தது 2010இல்தான்.