ஆயுளை அளந்த கணிதம்

ஒரு மனிதன் எந்த நாளில் இறப்பான் என்பதை எந்தக் கணிதமும் கூறாது. ஆயினும் ஆயிரம் மனிதருள் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பர் என்பதைக் கணிதம் கூறும். இவ்வறிவின்மீதே ஆயுள் காப்பீடு எழுந்துள்ளது. பல்கலைக்கழகங்களில் இன்று காப்பீட்டுக் கணிதம் என்று பயிலப்பெறும் இத்துறை வளர்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஹாலி என்றவுடன் நமக்கு வால்மீன் நினைவுக்கு வரும். அவ்வானியல் அறிஞரே 1693-ஆம் ஆண்டில் மனித ஆயுளுக்கும் ஓர் அட்டவணை வகுத்தார். பிரெஸ்லாவ் நகரில் காஸ்பர் நியூமன் என்னும் சமயகுரு திரட்டிய பிறப்பு இறப்புக் குறிப்புகள் அவருக்குக் கிடைத்தன. ஒரு வயதில் ஆயிரம் குழந்தைகள் இருப்பின், 20 வயதில் 598 பேரும், 50 வயதில் 346 பேரும் எஞ்சுவர் என்று அவ்வட்டவணை காட்டியது. வயதுக்கேற்ப உயிரின் ஆபத்து மாறுகிறது. ஆதலால் விலையும் மாறவேண்டும் என்பதே அதன் பாடம்.

இப்பாடம் ஏட்டளவில் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தில் சமயகுருமார் இறந்தால், அவர்தம் மனைவி மக்கள் வறுமையில் வாடினர். வெப்ஸ்டர், வாலஸ் என்னும் இரு குருமார் இக்கொடுமையைத் தீர்க்க முனைந்தனர். இரக்கம் மட்டும் போதாது; கணக்குப் பிழைத்தால் நிதி முறிந்து, நம்பி வந்த கைம்பெண்களே மீண்டும் தெருவில் நிற்பர் என்பதை அவர்கள் உணர்ந்தனர். குருமார் 930 பேர் இருப்பின், ஆண்டுதோறும் சராசரி 27 பேர் இறப்பர். அவருள் 18 பேர் மனைவியரை விட்டுச் செல்வர் என்று கணித்தனர். எடின்பரோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் மக்லாரினிடம் அக்கணக்கைக் காட்டித் திருத்தமும் பெற்றனர். 1744-இல் அந்நிதி சட்டத்தின் துணையுடன் நிலைபெற்றது.

லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்னும் கணித ஆசிரியர் அமிக்கபிள் சங்கத்தில் சேர விரும்பினார். 45 வயதைக் கடந்தவர் என்று அவரை ஏற்க மறுத்துவிட்டனர். எல்லா வயதினரிடமும் ஒரே தொகை வாங்கிய சங்கத்திற்கு முதியவர் பாரமாகவே தோன்றினர். டாட்சன் வேறு வழி கண்டார். சேரும் வயதுக்கேற்ப பிரீமியத்தை வகுத்து, பின்னர் அதை மாற்றாது வாங்கலாம். இளமையில் செலுத்தும் மிகுதி வட்டியுடன் வளர்ந்து, முதுமையில் நேரும் குறையை ஈடுசெய்யும். 1757-இல் அவர் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1762-இல் தோன்றிய ஈக்குவிட்டபிள் சங்கம் அவருடைய முறையைக் கைக்கொண்டது. ‘ஆக்சுவரி’ என்னும் பதவிப் பெயரும் அச்சங்கத்திலேயே இன்சூரன்ஸ் துறையில் புகுந்தது.

இறப்புக் கணக்கைவிட இயலாமைக் கணக்கு கடினமானது. இறந்தவர் மீள்வதில்லை, உழைக்க இயலாது படுத்தவர் நலம்பெற்று மீளவும் கூடும். ஆகவே நோயுறும் விகிதம், குணமடையும் விகிதம், நோயுற்றோர் இறக்கும் விகிதம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அறிய வேண்டும். 1889-இல் ஜெர்மனி தொழிலாளருக்கு இயலாமை, முதுமைக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. 1895-இல் அந்நாட்டுக் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் காப்பீட்டு இயலுக்கெனத் தனிப் பயிலகம் தோன்றியது. 1929-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஹரால்ட் கிராமேர் காப்பீட்டுக் கணிதத்திற்கும் கணிதப் புள்ளியியலுக்கும் பேராசிரியரானார். இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கணக்கு கல்விக்கூடத்தில் நிகழ்தகவு இயலோடு இணைந்தது.

நம் நாட்டில் ஆக்சுவரிகளின் சங்கம் 1944-இல் தோன்றிற்று. 1956-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தபோது, கோடிக்கணக்கான ரூபாய்ப் பொறுப்பு ஒரே நிறுவனத்தின்பால் வந்தது. அப்பொறுப்பைத் தாங்குவது மூலதனம் மட்டுமன்று. பிழையற்ற அட்டவணையும் ஆகும்.

இளைஞர்களே! கூட்டுவட்டியும் நிகழ்தகவும் உங்களுக்குத் தேர்வு வினாக்களாகத் தோன்றலாம். அவற்றின் மறுபுறத்தில், தந்தையை இழந்த ஒரு குழந்தையின் அடுத்த வேளை உணவு இருக்கிறது. அதனை எண்ணிக் கணக்கிடுவீர்களாக!