விசிறியா, உருளையா?

பவளத்தொட்டிக்கு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?" என்றுதான். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் கல், மணல் போக ஏறத்தாழ 400 லிட்டர் நீர் நிற்கும். அமெரிக்காவின் ஈகோடெக் நிறுவனத்து வோர்டெக் எம்பி40 மணிக்குச் சுமார் 17,000 லிட்டர் தள்ளும் என்கிறார்கள். மேக்ஸ்பெக்ட் ஜைர் எக்ஸ்எஃப்150-க்கு 20,000. வகுத்துப் பார்த்தால் 42 மடங்கு, 50 மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவது வீண்செலவு. இரண்டும் நீரைத் தள்ளும் விதமே வேறு.

பவளம் இருந்த இடத்தைவிட்டு நகராது. அதன் தோலை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் தேங்கி நிற்கும். பகல் வெளிச்சத்தில் உள்ளே குடியிருக்கும் பாசி வெளிவிடும் மிகை ஆக்சிஜன், பவளம் கழிக்கும் சளி எல்லாம் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். உணவும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். ஓட்டம் பட்டால் படலம் மெலியும். ஆகவே தொட்டிக்குள் எவ்வளவு நீர் சுழல்கிறது என்பதைவிட, பவளத்தின் மேல் எந்த வேகத்தில், எத்தனை திசையிலிருந்து படுகிறது என்பதே முக்கியம்.

எம்பி40 விசிறி வகை. மோட்டார் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே இறக்கை மட்டும். நடுவே காந்தப் பிடிப்பு. இறக்கையிலிருந்து கிளம்பும் நீர் கூம்பாக விரிந்து, போகப் போக வேகம் இழக்கும். எதிரே ஒரு சாண் தூரத்தில் உள்ள பவளத்துக்குச் சதையே கிழியலாம். கல்லுக்குப் பின்னால் அழுக்கு அசையாமல் படியும். மருந்து, இரண்டு பம்புகளை எதிரெதிரே மாட்டி வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவது. மோதிக் குழம்பும் அந்த நீர்தான் மான்கொம்புப் பவளத்துக்குப் பிடித்தது. விட்டு விட்டுத் தள்ளச் செய்து அலையும் எழுப்பலாம். 4 அடித் தொட்டியில் நீர் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 1.3 விநாடி ஆகும். துடிப்பு அதோடு ஒத்துப்போனால் மொத்த நீரும் ஊஞ்சலாடும். ஸ்டாண்டும் கண்ணாடி ஒட்டும் உறுதியாக இல்லாதவர்கள் இந்த விளையாட்டில் இறங்க வேண்டாம்.

ஜைரில் விசிறி கிடையாது. மோட்டாரின் இருபுறமும் நீண்ட கூண்டுக்குள் உருளைகள் சுழல, நீர் அகலமான தகடாக வெளியேறும். பக்கச் சுவரில் மேலே மாட்டினால் அந்தத் தகடு நீர்மட்டத்தை ஒட்டி ஓடி, எதிர்க் கண்ணாடியில் இறங்கி, தரையோடு திரும்பும். தொட்டி முழுதும் ஒரே சுழற்சி. அடியில் அழுக்கு தங்குவது குறையும். ஆனால் நடுவே கல்லை மதில்போல் நீர்மட்டம்வரை அடுக்கியிருந்தால் சுழற்சி அங்கேயே உடைந்துவிடும். 2 அடிக் கனசதுரத் தொட்டியில் ஓடுவதற்கே நீளம் இல்லை; அங்கு ஜைர் தேவையில்லை.

பராமரிப்புதான் தேர்வை உண்மையில் முடிவுசெய்கிறது. எம்பி40-இன் உள்பாகத்தைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் வேலை முடிந்தது. ஜைரின் கூண்டு இடுக்குகளில் பாசியும் சுண்ணமும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஓட்டம் சத்தமில்லாமல் பாதியாகும். உருளையின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்தாலோ சத்தம் வரும்.

மோட்டார் வெளியே இருப்பதால் வெப்பத்தில் எம்பி40-க்குச் சிறு சாதகம் உண்டு. ஜைரின் 35 வாட்டும் நீருக்குள்ளேயே செலவாகும். மே மாதச் சென்னையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் திணறும்போது அது உறைக்கும். மின்செலவு மாதம் 25 யூனிட்தான், பெரிய விஷயமில்லை. கரண்ட் போனால் மற்றதெல்லாம் நின்றாலும் நீர்மட்டம் அசைய வேண்டும், இல்லையேல் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். எந்தப் பம்ப் வாங்கினாலும் அதற்கான பேட்டரியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

 

கல்லைத் தாழ்வாக, இடைவெளி விட்டு அடுக்கியிருந்து, மாதாமாதம் பம்பைக் கழற்றிக் கழுவும் பொறுமையும் உள்ளவருக்கு ஜைர் நல்ல தேர்வு. மற்றவர்கள், முக்கியமாக முதல் தொட்டி வைப்பவர்கள், ஒரு பெரிய பம்புக்குப் பதில் இரண்டு நடுத்தர விசிறிப் பம்புகளை வாங்கித் தனித்தனி பிளக்கில் மாட்டுங்கள். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்.