குழுவாரியாக அண்மைய வரிசை: எஸ்.கியூ.எல். வரலாறு

1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட தொடர்புசார் தரவு மாதிரியில், அட்டவணையின் வரிசைகளுக்கு முன்பின் கிடையாது. எனவே ஒவ்வொரு வங்கிக் கணக்கின் கடைசி இருப்பையும் தேதியைக் கொண்டே கண்டறிய வேண்டும்.

1974இல் சேம்பர்லினும் பாய்சும் அறிமுகப்படுத்திய சீக்குவெல், பின்னர் எஸ்.கியூ.எல். ஆனது. இதில் 'குரூப் பை', 'மேக்ஸ்' ஆகியவற்றால் கணக்குவாரியாகக் கடைசித் தேதி கிடைக்கும். அன்றைய இருப்பு கிடைக்காது. அதற்கு, கிடைத்த தேதியை மூல அட்டவணையுடன் மீண்டும் இணைக்க வேண்டும். இணைக்காமல் இருப்பையும் சேர்த்துக் கேட்டால், மை எஸ்.கியூ.எல். பிழை காட்டாமல் வேறொரு நாளின் தொகையைத் தந்துவிடக்கூடும். 2015இல் வந்த 5.7 பதிப்பு இதை இயல்பாகவே தடுத்தது.

2003ஆம் ஆண்டுத் தரநிலையில் உள்ள 'ரோ நம்பர்', கணக்குவாரியாகப் புதிய தேதியிலிருந்து எண்ணிடுகிறது; 1 என்ற எண் பெறும் வரிசையே விடை. இவ்வசதி போஸ்ட்கிரெஸ் எஸ்.கியூ.எல்.லில் 2009இலும், மை எஸ்.கியூ.எல்.லில் 2018இலும் வந்தது. ஒரே தேதியில் இரு பதிவுகள் இருந்தால், பதிவு எண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும்.