வரம்புக்குள் ஒரு வாழ்க்கை

லூமுட் துறையில் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போகாதவர் நம் வட்டாரத்தில் குறைவு. 1874-இல் அத்தீவின் பெயரால் வழங்கும் ஒப்பந்தத்தின்படி பேராக் சுல்தானாக ஏற்கப்பட்டவர் அப்துல்லா. 1875-இல் ரெசிடெண்ட் பர்ச் கொலையுண்டார். அதன் பேரில் 1877-இல் அந்தச் சுல்தானையே ஆங்கிலேயர் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினர். மன்னருக்கே இக்கதி என்றால், பால்மரம் சீவியவர்களைப் பற்றிக் கேட்பானேன்? 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

நாட்டுக்குள்ளேயே ஒருவரைக் கட்டிப்போடவும் ஒரு சட்டம் இருந்தது. அதுதான் 1933-ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களுக்காகப் பிறந்தது அது. வேடிக்கை என்னவென்றால், அப்போது லூமுட் பேராக்கைச் சேர்ந்ததாக இல்லை; டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு இருந்து, 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பியது.

குற்றம் நிரூபணமானபின் நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில் விடுவது வேறு, இது வேறு. இதில் வழக்கு விசாரணையே கிடையாது. 'இந்த வட்டாரத்தில் இரு, அனுமதியின்றி வெளியேறாதே' என்று ஓர் அரசாங்க ஆணை வரும். குடும்பத் தலைவர் ஓர் ஊரில், பெண்சாதி பிள்ளைகள் தோட்டத்து லயத்தில் என்றால் அடுப்பு எரிவது எப்படி? இதைச் சட்டம் கேட்பதில்லை.

இதை எதிர்த்து எழுந்ததே அசா சிங், ஜொகூர் மந்திரி பெசார் வழக்கு. அதன் தீர்ப்பு 1969-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் வெளியாயிற்று. கூட்டரசு நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளவில்லை. ஆயினும் அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவை அதனுள் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. அதாவது, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் காண விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நம் எண்ணத்தில் இது சிறிய வெற்றியன்று. பூட்டிய அறையில் ஒரு சன்னலாவது திறந்தது.

அச்சன்னலும் நிலைக்கவில்லை. 1976-இல் அரசியலமைப்பையே திருத்தி, அந்த 24 மணி நேர விதி வசிப்பிடக் கட்டுப்பாட்டுக் கைதுகளுக்குப் பொருந்தாது என்றார்கள். அதுவும் 1957 மெர்டேக்கா நாளிலிருந்தே பொருந்தாததாகக் கொள்ளப்பட்டது! நடந்து முடிந்த காலத்துக்கும் சேர்த்துத் திருத்தம் செய்தால், வழக்காடி வென்றவன் எங்கே போவான்?

2011-இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை நீக்கியது. ஆனால் 2014-இல் திருத்தி விரிவாக்கிய 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தில், குறித்த எல்லைக்குள் வசிப்பது, போலீஸ் நிலையத்தில் முகம் காட்டுவது, இரவில் வீடு தங்குவது ஆகிய நிபந்தனைகள் இடம்பெற்றன. அத்துடன் உடலில் மின்னணுக் கருவி பொருத்தவும் வழி செய்யப்பட்டது.